டார்லிங்டனின் முட்டை வடிவம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ஸ்டாக் கார் (சாலையில் ஓடும் சாதாரணக் கார்களின் தோற்றமுள்ள பந்தயக் கார்) பந்தயங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ஃபுளோரிடாவின் டேட்டோனாவில் நடக்கும் ‘டேட்டோனா 500’ பந்தயத்தைவிடத் தென் கரோலினாவின் டார்லிங்டனில் நடக்கும் ‘சதர்ன் 500’ பந்தயமே வரலாற்றில் முக்கியமானது என்று எழுதியிருந்தீர்கள். பணமும் புகழும் டேட்டோனாவிடம் இருக்க, ஒரு சிற்றூர்ப் பந்தயத்தை அதற்கு மேலே வைப்பது எப்படிப் பொருந்தும்? மேலும், 2005 முதல் 2008 வரை அந்தப் பெயரில் பந்தயமே நடக்கவில்லை. அப்படி விட்டுப்போன ஒன்றை மரபு என்று சொல்லலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டேட்டோனா 500 தொடங்கியது 1959இல். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1950 செப்டம்பர் 4 அன்று, டார்லிங்டனில் முதல் சதர்ன் 500 நடந்துவிட்டது. அதுவரை பெரும்பாலும் குறுகிய மண்தடங்களில் சிறிய தொலைவுகளுக்கு ஓடிக்கொண்டிருந்த ஸ்டாக் கார்கள், தார் போட்ட பெரிய தடத்தில் 500 மைல் ஓடித் தாங்குமா என்ற கேள்விக்கு விடை கிடைத்தது அன்றுதான்.

அந்தத் தடத்தை அமைத்தவர் ஹரால்ட் பிராசிங்டன் என்ற உள்ளூர்த் தொழிலதிபர். இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் புகழ்பெற்ற 500 மைல் கார் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்து, அதைப் போன்ற ஒன்றைத் தம் ஊரில் கட்ட விரும்பினார். நிலத்தைக் கொடுத்த ஷெர்மன் ராம்சி என்ற விவசாயி, தம்முடைய மீன் குளத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்ததால், குளத்தை ஒட்டிய முனையைக் குறுக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. இதனால் தடம் முட்டை வடிவம் பெற்றது. ஒரு முனைக்கு ஏற்றபடி காரைச் சீரமைத்தால் மறுமுனையில் அது சொன்ன பேச்சைக் கேட்காது; வேகத்துக்காக வெளிச்சுவரை உரசியபடியே வளைவில் போக வேண்டியிருப்பதால், காரின் வலப்பக்கத்தில் விழும் கீறலுக்கு ‘டார்லிங்டன் கோடு’ என்றே பெயர் வந்துவிட்டது. தடத்தின் சொரசொரப்பான மேற்பரப்பும் டயர்களை விரைவில் தின்றுவிடும். ஒரு விவசாயியின் பிடிவாதம் இன்றுவரை ஓட்டுநர்களைச் சோதித்து வருகிறது என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

முதல் பந்தயத்தில் 75 கார்கள் ஓடின. வென்றவர் ஜானி மான்ட்ஸ். தகுதிச் சுற்றில் 43ஆவது இடத்தில் இருந்தவர். இண்டியானாபொலிஸில் ஓட்டிய அனுபவம் உள்ள அவர், மற்றவர்களின் டயர்கள் கிழிந்துகொண்டிருக்க, தம் சிறிய பிளிமத் காரில் கடினமான டயர்களைப் பூட்டிக்கொண்டு, மணிக்குச் சராசரியாக 75 மைல் வேகத்தில் நிதானமாக ஓட்டி, ஆறரை மணி நேரத்துக்குப் பிறகு, இரண்டாமவரான ஃபயர்பால் ராபர்ட்ஸைவிட ஒன்பது சுற்றுகள் முன்னதாக முடித்தார். அந்தக் காரின் உரிமையாளர்களில் ஒருவர், ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பை நிறுவிய பில் ஃபிரான்ஸ்; இன்னொருவர், முந்தைய ஆண்டு சார்லட்டில் நடந்த முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ (மாற்றம் செய்யாத கார்களுக்கான) பந்தயத்தில் முதலாவதாக வந்தும், ஸ்பிரிங்கை விதிக்குப் புறம்பாக மாற்றியிருந்ததால் தகுதியிழந்த காரின் உரிமையாளர் ஹியூபர்ட் வெஸ்ட்மோர்லண்ட். பந்தயத்தை நடத்துபவருக்கே வெல்லும் காரில் பங்கு இருப்பது இன்று நடக்குமா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வேகத்தைவிடத் தாங்கும் திறனே இங்கே வெல்லும் என்பதற்கு 1965ஆம் ஆண்டுப் பந்தயமும் சான்று. முன்னணியில் இருந்த கார்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி விலக, நெட் ஜாரெட் 14 சுற்றுகள் வித்தியாசத்தில் வென்றார். டேட்டோனாவில் கூட்டமாக ஒட்டி ஓடும் கார்களில் எது முந்தும் என்பதை இறுதிச் சுற்றின் அதிர்ஷ்டம் தீர்மானிப்பதுண்டு. டார்லிங்டனில் அதிர்ஷ்டத்துக்கு அவ்வளவு இடமில்லை. நான் அதை உயர்வாக மதிப்பதற்குக் காரணம் இதுவே.

உங்கள் இரண்டாவது கேள்வி நியாயமானது. செப்டம்பர் முதல் வாரத்தில் வரும் தொழிலாளர் தின விடுமுறையையொட்டி 2003 வரை நடந்த பந்தயத்தின் தேதியை, மறு ஆண்டு கலிஃபோர்னியாவின் ஃபோன்டானா தடத்துக்கு மாற்றினார்கள். 2004இல் நவம்பரில் ஒருமுறை நடந்தது. டெக்சஸ் தடத்துக்கு ஆண்டுக்கு இரண்டாவது பந்தயம் கேட்டு, அத்தடத்தை நடத்தும் நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்ததில், டார்லிங்டனுக்கு ஆண்டுக்கு இருந்த இரண்டு பந்தயங்களில் ஒன்று பறிபோனது. பெரிய நகரங்களின் சந்தையைப் பிடிக்க வேண்டும் என்ற கணக்கே இந்த இடமாற்றங்களுக்குப் பின்னால் இருந்தது. 2009இல் மே மாதப் பந்தயத்துக்குப் பழைய பெயரைச் சூட்டினார்கள். 2015இல்தான் பழைய தேதியும் திரும்பியது.

திரும்பியபோது, கார்களுக்குப் பழைய வண்ணங்களைப் பூசி ஓட்டும் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். ரசிகர்கள் விரும்பினார்கள், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் ஒரு தேர்வு இருக்கிறது. இப்பந்தயத்தின் முதல் சில பத்தாண்டுகளில் வெற்றி விழாவிலேயே அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி பறந்தது. நாஸ்கார் தன் பந்தயங்களில் அந்தக் கொடியைத் தடை செய்தது 2020 ஜூனில்தான். வண்ணங்களைக் கொண்டாடும் விழாவில் இந்தப் பக்கத்தை யாரும் எடுத்துக்காட்டுவதில்லை.

ஆகவே, இடைவெளியை மறைக்காமல் சொன்னால் மரபு என்ற சொல்லில் எனக்குத் தயக்கமில்லை. பெருந்தொற்றுக்குப் பிறகு 2020 மே 17 அன்று நாஸ்கார் தன் முதன்மைத் தொடரை மீண்டும் தொடங்கியது டார்லிங்டனில்தான். 2021 முதல் பறிபோன இரண்டாவது பந்தயமும் அங்கே திரும்பிவிட்டது.

அன்புடன்.