புண்ணில், உப்பில், ஸ்கேனில்: அயோடின் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். குதிகால் புண்ணில் மூன்று வாரமாகக் காலையும் மாலையும் பீட்டாடின் ஊற்றிக் கட்டுகிறோம். சீழ் இல்லை, ஆனால் ஆறவும் இல்லை. இன்னும் அதிகமாக ஊற்றலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சர்க்கரை நோயாளியின் காலில் மூன்று வாரமாக ஆறாத புண்ணை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. நாளைக்கே காட்டுங்கள். காலுக்கு ரத்த ஓட்டம் போகிறதா, உணர்ச்சி இருக்கிறதா, எலும்பு வரை தொற்று இறங்கியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இனி மருந்தின் விஷயம். 10 சதவீத பொவிடோன் அயோடின் என்று பீட்டாடின் பாட்டிலில் போட்டிருந்தாலும், கிருமியைக் கொல்லக் கிடைக்கும் அயோடின் அதில் 1 சதவீதம்தான். அந்த 1 சதவீதமும் கிருமி எது, நம் செல் எது என்று பிரித்துப் பார்க்காது. புண்ணை மூட வளர்ந்து வரும் இளம் செல்களையும் தாக்கும். அதனால் அழுக்கான, புதிய காயத்துக்கு முதல் ஓரிரு நாள் போடுவது சரி. சுத்தமாகிவிட்ட புண்ணில் வாரக்கணக்கில் ஊற்றுவது, ஆறவிடாமல் நாமே தடுப்பதாகிவிடும். அந்தக் கட்டத்தில் சலைனால் (மருந்துக் கடை உப்புநீர்) கழுவி, புண் காய்ந்துபோகாத மாதிரி கட்டுவதே போதும்.

புதுக் காயம் என்றால்: முதலில் குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிடமாவது கழுவுங்கள். மண்ணும் சீழும் ரத்தமும் இருந்தால் அயோடின் அவற்றிலேயே செலவாகிவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. ஒற்றியெடுத்து, மெல்லிய பூச்சாகத் தடவி, 2 முதல் 3 நிமிடம் காயவிட்ட பிறகு கட்டுங்கள். பழுப்பு நிறம் இருக்கும்வரை மருந்து வேலை செய்கிறது, வெளுத்துவிட்டால் தீர்ந்துவிட்டது என்று பொருள். பலர் செய்யும் தவறு, பஞ்சை நனைத்து ஈரத்தோடு வைத்து இறுக்கிக் கட்டுவது. மூடிய இடத்தில் அந்த ஈரம் தோலை வேகவைத்துக் கொப்புளமாக்கும். அதைப் பார்த்து 'எனக்கு அயோடின் அலர்ஜி' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடையும் இதையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றாதீர்கள்.

கேள்வி: பிறந்து ஆறு நாளான குழந்தையின் தொப்புள்கொடியில் பீட்டாடின் தொட்டு வைக்கலாமா?

பதில்: நீங்களாக வைக்காதீர்கள். பச்சைக் குழந்தையின் தோல் அயோடினை உறிஞ்சிக்கொள்ளும். அளவு மீறினால் அதன் தைராய்டு தற்காலிகமாகச் சுரப்பதையே நிறுத்திவிடும். குறைமாதக் குழந்தைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். கொடியைக் காய்ந்தபடி விடுங்கள், டயப்பரை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். சுற்றிலும் சிவந்தாலோ நாற்றம் வந்தாலோ மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேள்வி: எனக்குத் தைராய்டு குறைவு, தினமும் 100 மைக்ரோகிராம் தைராக்சின் போடுகிறேன். அயோடின் உப்பை நிறுத்திவிட்டு இந்துப்புக்கு மாறச் சொல்கிறார்கள். வீட்டில் கல் உப்பும் உண்டு.

பதில்: மாற வேண்டியதில்லை. நம் ஊரில் பெரியவர்களுக்கு வரும் தைராய்டு குறைவு பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருவது. சமையல் உப்பின் அளவு அயோடினால் அது கெடாது, அதை நிறுத்தினாலும் குணமாகாது. நீங்கள் போடும் மாத்திரையிலுள்ள தைராக்சினிலேயே எடையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு அயோடின்தான்! அது இல்லாமல் அந்த ஹார்மோனே கிடையாது.

கணக்கைப் பாருங்கள். பெரியவருக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவருக்கும் 250. இந்தியச் சட்டப்படி, கடையில் வாங்கும்போது உப்பில் குறைந்தது 15 பி.பி.எம். அயோடின் இருக்க வேண்டும். 15 பி.பி.எம். என்றால் ஒரு கிராம் உப்பில் 15 மைக்ரோகிராம், பத்து கிராமில் 150. ரத்த அழுத்தத்துக்காக உப்பை 5 கிராமாகக் குறைத்தவர்கள் மீதியைப் பால், முட்டை, கடல் மீனிலிருந்து பெறலாம். அதையும் சாப்பிடாமல் இந்துப்புக்கும் மாறினால் பற்றாக்குறைதான். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இதைச் சாதாரணமாக விடாதீர்கள். வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சி இதை நம்பியிருக்கிறது.

கல் உப்பு வாங்கினால் பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் கழுவாதீர்கள். நம் வீடுகளில் கல் உப்பை ஒரு அலசு அலசிப் போடும் பழக்கம் உண்டு. படிகத்தின் மேலே தெளிக்கப்பட்ட அயோடின் அந்தத் தண்ணீரோடு போய்விடும். அடுப்பை ஒட்டித் திறந்த ஜாடியில் வைக்காமல் மூடி வையுங்கள், இறக்குவதற்குச் சற்று முன் போடுங்கள்.

கேள்வி: தைராய்டுக்கு லூகால் அயோடின் சொட்டு குடிக்கலாம் என்று வீடியோவில் பார்த்தேன்.

பதில்: 5 சதவீத லூகால் கரைசலின் ஒரே சொட்டில் சுமார் 6,000 மைக்ரோகிராம் அயோடின் இருக்கும், அதாவது நாற்பது நாள் தேவை. தைராய்டு அறுவை சிகிச்சைக்கு முன் சில நாள் மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் தருவது அது. நீங்களாகக் குடித்தால் சுரப்பி அடங்கியும் போகலாம், தறிகெட்டும் ஓடலாம். வேண்டாம்.

கேள்வி: எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. காண்ட்ராஸ்ட் ஊசி போட்டு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம், அயோடின் அல்ல. காண்ட்ராஸ்ட் ஊசி மருந்தில் அயோடின் இருந்தாலும், அதனால் வரும் ஒவ்வாமைக்கும் காரணம் அயோடின் அல்ல, அந்த மருந்தின் மூலக்கூறுதான். எந்த ஒவ்வாமை இருந்தாலும் ஆபத்து சற்றே கூடும் என்பது உண்மை. ஆனால் இறாலுக்கென்று தனி அச்சம் தேவையில்லை. சொல்லியே ஆக வேண்டியவை வேறு: முன்பு இதே ஊசியில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா, ஆஸ்துமா உண்டா, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) எவ்வளவு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிறீர்களா, தைராய்டு அதிகச் சுரப்பு உண்டா. ஊசி ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், சிறுநீர் வந்துவிட்டது போலவும் தோன்றும். அது இயல்பு. அரிப்போ தொண்டை இறுக்கமோ வந்தால் மேசையிலிருந்தே உடனே சொல்லுங்கள்.

கேள்வி: மாமியாருக்கு அதிகத் தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கப் போகிறார்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை.

பதில்: அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். தைராய்டு சுரப்பி உறிஞ்சிக்கொண்டது போக மீதி முதல் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் சிறுநீரில் போகும். அதனால் நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், கழிவறையில் இருமுறை தண்ணீர் ஊற்றட்டும், தட்டும் டம்ளரும் துண்டும் தனியாக இருக்கட்டும், தனியாகப் படுக்கட்டும். குழந்தையை மடியில் வைப்பதும் பக்கத்தில் படுக்கவைப்பதும் கூடாது. எத்தனை நாள் என்பது கொடுக்கும் அளவைப் பொறுத்தது. அணு மருத்துவப் பிரிவில் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்த நாட்களுக்குக் குழந்தையை வேறு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவதே நிம்மதி. இரண்டு வயதுப் பிள்ளைக்கு 'ஆச்சியிடம் போகாதே' என்றால் புரியாது.

கேள்வி: கூடங்குளம் பக்கத்தில் இருக்கிறோம். அயோடின் மாத்திரையை இப்போதே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பொட்டாசியம் அயோடைடு (பெரியவருக்கு 130 மில்லிகிராம்) கதிரியக்க அயோடின் கசியும்போது அரசு அறிவித்தால் மட்டுமே. கசிவுக்குச் சற்று முன்போ, சில மணி நேரத்துக்குள்ளோ போட்டால்தான் பலன். காப்பது தைராய்டை மட்டும். பாதுகாப்பு சுமார் ஒரு நாள்தான். மாத்திரைக்குப் பதில் உப்பு ஆகாது. 2011 ஃபுகுஷிமா விபத்தின்போது சீனாவில் மக்கள் அயோடின் உப்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். அந்த ஒரு மாத்திரையின் அளவுக்கு நம் கடை உப்பு ஆறு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். காயத்துக்குப் போடும் அயோடினைக் குடிப்பது விஷம்.

கேள்வி: கஞ்சி போட்ட வேட்டியில் பீட்டாடின் சிந்தியது. பழுப்பு மருந்து கருநீலக் கறையாகிவிட்டது. மருந்து கெட்டுப்போனதா?

பதில்: இல்லை. கஞ்சி மாவுப்பொருள், அயோடின் பட்டால் கருநீலமாகும். வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்துக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், கண்ணெதிரே நிறம் போகும். அதன் பிறகு சோப்புப் போட்டு அலசுங்கள்.