குரலை உயர்த்தாமல் ஒரு பாலே வகுப்பு

குழந்தைகளுக்கு பாலே சொல்லித்தரத் தொடங்கி 22 ஆண்டுகள் ஆகின்றன. இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று புதிய ஆசிரியையுடையது, மற்றவை பெரும்பாலும் பெற்றோருடையவை. முதல் கடிதத்துக்கு நீளமாகவே எழுதியிருக்கிறேன். அதே சிக்கலில் நானும் இரண்டு வருடம் தவித்திருக்கிறேன்.

கேள்வி: பாலே கற்பிக்க வந்து 3 மாதம் ஆகிறது. வகுப்பில் 5 வயதுக் குழந்தைகள் 14 பேர். யாரும் ஓரிடத்தில் நிற்பதில்லை. மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒவ்வொருவராகக் குதித்துப் போகச் சொல்வேன். அதற்குள் இரண்டு பேர் சுவரோரத்தில் கை பிடித்துப் பழகும் கம்பியில் தொங்குவார்கள், ஒரு பெண் அழத் தொடங்கிவிடுவாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ?
– புதிய ஆசிரியை

பதில்: மூன்று மாதத்தில் அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். "ஒவ்வொருவராக" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் கோளாறு இருக்கிறது. ஒரு குழந்தை அறையைக் கடக்க 15 விநாடி ஆகும் என்று வையுங்கள். அது முடித்துவிட்டு மற்ற 13 பேருக்காக மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும். ஐந்து வயதில் அவ்வளவு நேரம் சும்மா நிற்கச் சொன்னால் கம்பியில் தொங்கத்தான் தோன்றும். அதை அடங்காமை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தைக்கு நாம் வேலை கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று மூன்று பேராக அனுப்புங்கள். முதல் குழு எட்டு எண்ணிக்கையில் அறையின் நடுவுக்கு வந்ததும் அடுத்த குழு கிளம்பட்டும். எதிர்மூலையை அடைந்தவர்கள் அங்கே நிற்க வேண்டாம். சுவரோரமாக நுனிக்காலில் நடந்து வரிசையின் கடைசிக்குத் திரும்பட்டும். முக்கால் நிமிடத்தில் 14 பேரும் கடந்திருப்பார்கள், யாருக்கும் தொங்க நேரம் இருக்காது.

அடுத்தது இடம். வகுப்பு தொடங்கும் முன் தரையில் ஒவ்வொரு குழந்தைக்கும் நிற ஒட்டுநாடாவில் ஒரு குறி ஒட்டிவிடுங்கள். முன்வரிசைக் குறிகளின் இடைவெளியில் பின்வரிசைக் குறிகள் வரட்டும், எல்லோருக்கும் நீங்கள் தெரிவீர்கள். "உன் இடத்துக்குப் போ" என்றால் ஐந்து வயதுக்குப் புரியாது. "நீல வட்டத்தில் நில்" என்றால் புரியும். வகுப்பின் பாதியில் முன்வரிசையைப் பின்னுக்கு அனுப்புங்கள். பின்னாலேயே நிற்கும் குழந்தைகள்தான் பெரும்பாலும் முதலில் கவனம் இழக்கிறார்கள்.

இந்த வயதில் வகுப்பைக் கம்பியில் தொடங்காதீர்கள். வட்டமாகத் தரையில் உட்கார வைத்து, முதுகை நிமிர்த்தி, பாதத்தை நீட்டி மடக்குவதில் தொடங்குங்கள். அப்புறம் எழுந்து முழங்காலை மெல்ல வளைக்கும் பிளியே, நுனிக்காலில் நடை, குதிரை ஓட்டம். கம்பிக்குப் போகும்போது இரண்டு கையாலும் பிடித்து, அதைப் பார்த்தபடி நிற்கட்டும். ஐந்து நிமிடம் போதும். "கம்பியில் ஒரு குருவி உட்கார்ந்திருக்கிறது, அது பறந்துவிடாமல் கையை வை" என்று நான் சொல்வேன். இறுக்கிப் பிடிக்கும் கை உடனே தளர்ந்துவிடும்.

தொண்டை விஷயம். குழந்தைகளை நிறுத்துவதற்குக் குரல் வேண்டாம், இசை போதும். முதல் வகுப்பிலேயே ஒரு விளையாட்டாக இதைப் பழக்குங்கள்: இசை நின்றால் எல்லோரும் சிலை. அதன் பிறகு வருடம் முழுக்க ஒரு பொத்தானை அழுத்தினால் அறை அமைதியாகிவிடும். பேச வேண்டிய இடத்தில் குரலைத் தாழ்த்திப் பாருங்கள், கேட்பதற்காக அவர்களே அருகில் வருவார்கள். "ஓடாதே" என்பதைவிட "பூனை மாதிரி நட" நன்றாக வேலை செய்கிறது. செய்யக்கூடாததைக் கேட்ட குழந்தைக்கு, வேறு என்ன செய்வது என்று தெரியாமல் போய்விடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழந்தைகளைப் பார்த்தபடி நின்று கற்பிக்கும்போது "வலது கால்" என்று சொல்லிவிட்டு நீங்கள் இடது காலை நீட்ட வேண்டும். உங்களைக் கண்ணாடி போலப் பார்த்துத்தான் அவர்கள் செய்கிறார்கள். நான் இதை வீட்டில் தனியாகப் பல நாள் பழகிய பிறகுதான் தடுமாறாமல் வந்தது.

அழும் பெண்ணை வற்புறுத்தாதீர்கள், அதற்காக வகுப்பை நிறுத்தவும் வேண்டாம். உங்கள் கண்ணில் படும்படி சுவரோரம் உட்கார வைத்து, கையில் ஒரு வேலை கொடுங்கள், ரிப்பன்களை வைத்துக்கொள்வது போல. என் வகுப்பில் ஒரு சிறுமி ஐந்து வாரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆறாவது வாரம் எழுந்து தன் மஞ்சள் குறிக்குப் போய், வகுப்பு முழுவதையும் வரிசை மாறாமல் ஆடினாள். உட்கார்ந்த இடத்திலேயே கற்றுக்கொண்டிருக்கிறாள். அன்று நான் அவளைப் பாராட்டிப் பேசக்கூட இல்லை, பயந்துவிடுவாளோ என்று.

கடைசியாக, ரெவராந்ஸ் என்னும் வணக்கத்தை எவ்வளவு நேரக் குறைவு என்றாலும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொருவராக உங்கள் கண்ணைப் பார்த்து வணங்கிவிட்டு வெளியே போகட்டும். வகுப்பு முழுக்க நீங்கள் கவனிக்கத் தவறிய குழந்தை யார் என்பது அந்த ஒரு நிமிடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது, இரண்டு வருடமாக வாரம் ஒரு வகுப்பு போகிறாள். அவளுடைய தோழிக்கு வேறு வகுப்பில், விரல் நுனியில் நின்று ஆடும் பாயிண்ட் ஷூ கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஆசிரியை மறுக்கிறார். மகள் தினமும் அழுகிறாள். கொடுத்தால் என்ன?
– ஒரு தாய்

பதில்: உங்கள் ஆசிரியை செய்வது சரி. அவர் பக்கம் நில்லுங்கள்.

பாயிண்ட் ஷூவின் முனையில் துணியும் காகிதமும் பசையுமாக அடுக்கடுக்காகச் சேர்த்து இறுக்கிய ஒரு பெட்டி இருக்கிறது. உடல் எடை முழுவதும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் விரல் நுனிகளின் மேல் இறங்குகிறது. பாத எலும்புகளின் வளரும் பகுதிகள் முழுதாக இறுகி முடியப் பதின்ம வயதின் நடுப்பகுதி ஆகிவிடும். ஷூ ஆட்டக்காரியைத் தூக்கி நிறுத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். தூக்குவது கணுக்காலும் கெண்டைக்காலும் இடுப்பும் வயிற்றுத் தசைகளும்தான். நடனக்காரி மரீ தாலியோனி 1832இல் பாரிஸில் 'லா சில்ஃபீட்' என்ற பாலேயை ஆடியபோது அவர் காலில் இருந்தது முனையில் நூலால் தைத்து உறுதியாக்கிய மெல்லிய சாட்டின் செருப்பு. கடினமான பெட்டி எதுவும் அதில் கிடையாது. அவரைத் தாங்கியது அவருடைய கால்.

நான் பார்ப்பவை இவை: 11, 12 வயதாவது ஆகியிருக்க வேண்டும், சில வருடங்கள் ஒழுங்கான பயிற்சி, இப்போது வாரத்துக்கு இரண்டு வகுப்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும், பாதத்தை நீட்டினால் கணுக்காலும் விரல்களும் முழங்காலின் கோட்டுக்கு வர வேண்டும், ஒற்றைக்காலில் நின்று கணுக்கால் உள்ளேயும் வெளியேயும் சாயாமல் 20 முறை நுனிக்காலுக்கு ஏறி இறங்க வேண்டும். வயது நிரம்பியும் இது முடியாத பிள்ளைகளை நான் காத்திருக்க வைத்திருக்கிறேன்.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. என் முதல் ஆசிரியை 9 வயதிலேயே எனக்குப் பாயிண்ட் ஷூ போட்டுவிட்டார். அன்று இரவு அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன், அவ்வளவு பெருமை. நகங்கள் கறுத்தன, வலது கணுக்கால் அடிக்கடி பிரண்டது. விரல்களை மடக்கிக்கொண்டு, முழங்காலை வளைத்தபடி ஆடக் கற்றுக்கொண்டேன். 12 வயதில் வேறொரு ஆசிரியையிடம் போனேன். அவர் ஷூவைக் கழற்றச் சொல்லி, ஒரு வருடம் முழுக்க மெல்லிய செருப்பில் ஏறி இறங்கும் ரெலெவேயைத்தான் செய்ய வைத்தார். மூன்று வருடம் பழகிய தப்பை அழிக்க அந்த ஒரு வருடமும் போதவில்லை. இன்றைக்கும் படி இறங்கும்போது அந்தக் கணுக்காலைப் பார்த்துத்தான் வைக்கிறேன்.

மகளிடம் "இன்னும் சின்னப் பெண்" என்று சொல்லாதீர்கள், அது அவளுக்குத் தண்டனையாகப் படும். பல் தேய்க்கும்போது கைப்பிடியோ சுவரோ தொட்டுக்கொண்டு இரண்டு காலில் மெதுவாக ஏறி இறங்கச் சொல்லுங்கள். எண்ணி எழுதிவைக்கட்டும். காத்திருக்கும் நாட்களில் அவளுக்கென்று ஒரு வேலை இருக்கும்.

கேள்வி: குதிகால்களைச் சேர்த்து நிற்கும் முதல் நிலையில் என் பையனின் பாதங்கள் நேர்கோடாக வெளிப்பக்கம் திரும்புவதில்லை. அவனுக்கு 8 வயது. ஆசிரியர் கையால் பிடித்துத் திருப்புகிறார், அவனுக்கு முழங்கால் வலிக்கிறது.
– ஒரு தந்தை

பதில்: வலி வந்த இடத்தில் நிறுத்த வேண்டும். ஆசிரியரிடம் நேராகவே சொல்லுங்கள். திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அந்த மூட்டின் குழி எவ்வளவு ஆழம், தொடை எலும்பு எந்தக் கோணத்தில் பொருந்தியிருக்கிறது என்பதெல்லாம் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் மாறும். இடுப்பிலிருந்து மட்டும் ஒவ்வொரு காலும் 90 பாகை திரும்புவது, பயிற்சி பெற்ற பெரியவர்களிடமே அரிது. இல்லாததைப் பாதத்தைப் பிடித்துத் திருப்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும், பாத வளைவு உள்பக்கமாகச் சரியும்.

நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி: அவன் பிளியே செய்யும்போது முழங்கால் இரண்டாவது கால்விரலுக்கு நேர்மேலே இருக்கிறதா? முழங்கால் உள்பக்கம் விழுந்தால் பாதம் அளவுக்கு மீறித் திரும்பியிருக்கிறது. பாதம் திரும்பும் அளவைக் குறையுங்கள். எட்டு வயதில் 'V' போல விரிந்து நின்றாலே தாராளம்.

கேள்வி: வகுப்பில் என் மகன் ஒருவன்தான் பையன். கேலிக்குப் பயந்து வகுப்பையே விடப்போகிறேன் என்கிறான்.
– ஒரு தாய்

பதில்: அவனிடம் இதைச் சொல்லுங்கள். 1653இல் 14 வயதுப் பையன் ஒருவன் பாரிஸ் அரண்மனையில் சூரியனாக வேடம் போட்டு பாலே ஆடினான். அவன்தான் பிரான்ஸின் அரசன் பதினான்காம் லூயி. பாரிஸ் ஓபரா மேடையில் தொழில்முறைப் பெண் நடனக்காரர்கள் 1681 வரை ஆடியதே இல்லை. அதுவரை பெண் வேடத்தையும் ஆண்களே ஆடினார்கள்.

ஆசிரியையிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். "கேர்ள்ஸ், வரிசையில் நில்லுங்கள்" என்று எல்லோரையும் கூப்பிடும் பழக்கம் இருந்தால் அவர் மாற்றிக்கொள்ளட்டும். என் வாயிலும் அது வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் ஒரு பையன் "நானும் நிற்கணுமா மிஸ்?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே சந்தேகம். அன்றோடு விட்டேன்.

கேள்வி: சின்னக் குழந்தைகளுக்கு பிரெஞ்சுச் சொற்கள் எதற்கு?
– ஒரு வாசகர்

பதில்: லூயி 1661இல் நடனத்துக்கென்று ஒரு அரசுக் கழகம் தொடங்கினார், கலைச்சொற்கள் பிரெஞ்சிலேயே ஊன்றிவிட்டன. பிளியே என்றால் வளைந்தது, தாந்து என்றால் நீட்டியது. செயலோடு சேர்த்துச் சொன்னால் மூன்று வாரத்தில் தானாக வந்துவிடும். எழுதிப் படிக்க வைக்காதீர்கள். எந்த நாட்டு வகுப்பில் போய் நின்றாலும் அதே சொல் காதில் விழும் என்பது பெரிய வசதி.

கேள்வி: வகுப்பைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்து, மகள் தப்பு செய்தால் சைகை காட்டுகிறேன். ஆசிரியை திரையைப் போட்டுவிட்டார். கோபமாக இருக்கிறது.
– ஒரு தாய்

பதில்: நானும் திரை போட்டிருப்பேன். தப்பு செய்தவுடன் கதவைத் திரும்பிப் பார்க்கும் குழந்தை அடுத்த எட்டு எண்ணிக்கையை இழந்துவிடுகிறது. கழுத்து அந்தப் பக்கமே போவதால் நிலையும் கோணலாகிறது. ஆனால் பெற்றோர் ஒன்றுமே பார்க்கக் கூடாது என்பதையும் நான் ஏற்க மாட்டேன். பூட்டிய அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. மாதத்தில் கடைசி வகுப்பை முழுதாகத் திறந்துவைக்கச் சொல்லிக் கேளுங்கள். அன்று நாற்காலி போட்டு உட்காருங்கள், கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாலே செருப்பை ஒரு அளவு பெரிதாக வாங்கலாமா? கால் வளர்ந்துகொண்டே இருக்கிறதே.
– ஒரு பாட்டி

பதில்: வேண்டாம் அம்மா. முனையில் தொங்கும் துணி தடுக்கிக் குழந்தை விழும், விரல் நீள்கிறதா என்று ஆசிரியருக்கும் தெரியாது. விரல்கள் மடங்காமல் தட்டையாக இருந்து, துணி காலோடு ஒட்டியிருந்தால் அதுதான் அளவு. சின்னவர்களுக்கு அடிப்பகுதி முழு நீளத்துக்கும் ஒரே தோலாக இருப்பதை வாங்குங்கள். எலாஸ்டிக்கை நீங்களே தைக்கலாம்: குதிகாலை உள்பக்கம் மடித்துப் பாருங்கள், மடிப்பு விழும் கோணம்தான் தைக்க வேண்டிய இடம். சுருக்குக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகிவிடுங்கள், வெளியே தொங்க விடாதீர்கள்.