காட்டில விழுற சருகு வெறும் குப்பை தானே, அள்ளினா என்ன?

குப்பை இல்ல, அது காட்டின்ட பசளை. மண்ணில இருக்கிற சத்தை வேர் உறிஞ்சி இலைக்குக் குடுக்குது, இலை பழுத்து விழுந்து கறையான், பூஞ்சணம், பக்டீரியா எல்லாம் தின்டு உக்க வைக்க அந்தச் சத்து திரும்ப வேருக்கே போகுது, இந்தச் சுத்தைத்தான் சத்துச் சுழற்சி எண்டு சொல்லுறம். விழ முன்னமே மரம் நைதரசன், பொசுபரசில ஒரு பங்கை இலையில இருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும், ஆனா கல்சியத்தை அப்பிடி எடுக்க ஏலாது, அது சருகோடதான் வரும்.

எங்கட வன்னிக் காட்டில, பாலை வீரை முதிரை நிக்கிற இடத்தில, கோடையில சருகு காஞ்சு சரசரத்துக் கிடக்கும், பெரிசா உக்காது. மாரி மழை விழுந்தாப் பிறகுதான் வேலை மும்முரமா நடக்கும்.

ஊர்ப் பெட்டிக்கடையை யோசிச்சுப் பாருங்கோ. பாங்கில காசு இல்ல, இண்டைக்கு வித்த காசிலதான் நாளைக்குச் சாமான் எடுக்கிறது. அந்த லாச்சிக் காசை ஒராள் ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்டு போனா?

காட்டிலயும் அதுதான் நடக்கும். பனாமாவில ஆராய்ச்சியாளர் 2003ல இருந்து இதையே செய்து பாத்தவை, சில காட்டுத்துண்டில மாசாமாசம் சருகை அள்ளி வேற துண்டில கொட்டினவை. அள்ளின இடத்தில மண்ணின்ட சத்துக் குறைஞ்சு போச்சுது.

மரம் உயரமா நிக்குது எண்டதால மண்ணுக்குள்ள சத்துக் குவிஞ்சு கிடக்கு எண்டு கன பேர் நினைக்கினம், ஆனா காடு வெட்டி எரிச்ச சேனையில முதல் போகம் நல்லா வந்து ரெண்டு மூண்டு வருசத்தில விளைச்சல் விழுறது, அந்தச் சுத்து அறுந்து போறதாலயும்தான்.