டி மொழியில் மூழ்கிய மகன்: தடுக்கவா, விடவா?

அம்மா, மகன் டி (D) என்ற புரோகிராமிங் மொழியிலேயே மூழ்கிக் கிடக்கிறான், தடுக்கவா, விடவா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகன் டி மொழியைக் கற்பதைத் தடுக்க வேண்டாம். அதை மட்டும் நம்பிக் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார விடவும் வேண்டாம். இந்தப் பதிலின் பின்பாதி அவருக்காக எழுதியது. அதை அவரிடமே படிக்கக் கொடுங்கள்.

"யாருமே கேள்விப்படாத ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுகிறான்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், சரிதான். ஆனால் இது நேற்று முளைத்த மொழி இல்லை. வால்டர் பிரைட் என்ற அமெரிக்கர் 1999-இல் வேலையைத் தொடங்கி, 2001 டிசம்பரில் அதற்கான முதல் கம்பைலரை, அதாவது எழுதிய புரோகிராமைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளை, வெளியிட்டார். அதற்கு வெகுமுன்பே சி++ மொழிக்குக் கம்பைலர் எழுதிப் பெயர் வாங்கியவர் அவர். அந்த மொழியில் எங்கெல்லாம் கை சுடும் என்று உள்ளே இருந்து பார்த்தவர் என்பதால், அதே வேகம் வேண்டும், அந்தத் தொல்லைகள் வேண்டாம் என்று புதிதாக ஒன்றைக் கட்டினார். பிறகு சி++ நூல்களால் பெயர் பெற்ற ஆண்ட்ரே அலெக்ஸாண்ட்ரெஸ்கு சேர்ந்துகொண்டார். இன்று இதற்கு மூன்று கம்பைலர்கள் உண்டு. டிஎம்டி, எல்எல்விஎம் என்ற பொதுவான கம்பைலர் அடித்தளத்தின் மேல் நிற்கும் எல்டிசி, ஜிடிசி. இதில் ஜிடிசி 2019-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து ஜிசிசி (GCC) என்ற புகழ்பெற்ற இலவசக் கம்பைலர் தொகுப்போடு சேர்ந்தே வருகிறது. ஏனோதானோ மொழிகளுக்கெல்லாம் ஜிசிசியில் இடம் கிடைத்துவிடாது.

பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய டேட்டா சென்டர்களுக்கு ஸ்டோரேஜ் மென்பொருள் செய்யும் வெக்கா தன் சரக்கை டி-யில் எழுதியிருக்கிறது. சிமெட்ரி இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் டி எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. பெர்லினில் இருந்த சோசியோமான்டிக் என்ற விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனம் முழுக்க இதில்தான் ஓடியது. 2014-இல் டன்ஹம்பி என்ற பிரிட்டிஷ் நிறுவனம் அதை வாங்கியது. 2016-இல் வந்த குவான்டம் பிரேக் வீடியோ கேமுக்குள்ளும் டி உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சந்தோஷப்படுவதற்கு முன் அடுத்ததையும் கேளுங்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை நம் கல்லூரிகளுக்கு ஆள் எடுக்க வருவதில்லை. வேலைத் தளங்களில் "டி டெவலப்பர்" என்று தேடிப் பாருங்கள். த்ரீ-டி வேலையும் ஆர் அண்ட் டி வேலையும்தான் வந்து குவியும். நம் ஊர்க் கேம்பஸ் தேர்வுகளில் வழக்கமாக சி, சி++, ஜாவா, பைத்தான் நான்கில் ஒன்றில்தான் எழுதச் சொல்கிறார்கள். கோட்ஃபோர்சஸ் போன்ற போட்டித் தளங்கள் டி-யை ஏற்கின்றன என்றாலும் முதல் கட்டத் தேர்வு நடத்தும் கம்பெனி அந்த வசதியைத் தரும் என்று எண்ணக் கூடாது.

அதனால் வீட்டில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். வாரத்தில் ஐந்து நாள் ஜாவாவோ சி++-ஓ, டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம். மீதி இரண்டு நாள் டி, அதில் யாரும் தலையிடக் கூடாது. மாதத்துக்கு ஒருமுறை, டி-யில் செய்த ஏதாவது ஒன்றை அவர் உங்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். உங்களுக்குக் கோடு (code) புரியத் தேவையில்லை. ஓடுகிறதா, அவரால் அதை எளிய தமிழில் விளக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். விளக்கத் திணறினால் படிப்பு மேலோட்டமாகப் போகிறது என்று அர்த்தம்.

இனி தம்பிக்கு.

தம்பி, நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமே பார்த்தேன். "டி: எக்ஸ்பர்ட்" என்று போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். எதிரே இருப்பவருக்கு டி தெரியாது என்றால் அந்தச் சொல்லால் பயனில்லை. தெரிந்தவர் என்றால் மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். உங்களுக்கு இப்போது தெரிந்திருப்பது டி-யின் மேல்தோல். டி-யைக் கற்றால் நேராக வேலை கிடைக்காது. அதன் நுணுக்கங்களைக் கற்றால், மற்ற மொழிக்காரர்கள் தடுமாறுகிற கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்கும். எனவே எதைக் கற்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

ஸ்லைஸில், அதாவது அரேயின் ஒரு துண்டைச் சுட்டும் பார்வையில், தொடங்குங்கள். 1, 2, 3, 4, 5 என்று ஓர் அரே வைத்திருக்கிறீர்கள். முதல் மூன்றை ஸ்லைஸாக எடுத்து வேறு பெயர் கொடுக்கிறீர்கள். ஸ்லைஸின் முதல் எண்ணை 99 ஆக்கினால் மூலத்திலும் 99 ஆகும், ஏனென்றால் இரண்டும் ஒரே மெமரியைப் பார்க்கின்றன. இது எல்லோருக்கும் புரியும். இப்போது ஸ்லைஸின் வாலில் 10-ஐ ஒட்டுங்கள். மூலத்தில் நான்காவதாக இருக்கும் 4 அழியுமா? டி-யில் அழியாது. பக்கத்து இடத்தில் வேறு சரக்கு இருப்பது, புரோகிராம் ஓடும்போது மெமரியைக் கவனிக்கும் ரன்டைமுக்குத் தெரியும். அது புதிதாக மெமரி ஒதுக்கி, மூன்று எண்களையும் அங்கே நகலெடுத்து, 10-ஐச் சேர்க்கும். அந்த வரியிலிருந்து ஸ்லைஸுக்கும் மூலத்துக்கும் உறவு அறுந்தது. அதற்குப் பிறகு ஸ்லைஸில் எதை மாற்றினாலும் மூலம் மாறாது. அதுவே ஸ்லைஸ் மூலத்தின் கடைசி வரை நீண்டிருந்து, பின்னால் காலியிடமும் இருந்தால், ஒட்டிய பிறகும் உறவு தொடரும். ஒரே வரிக் கோடு, கபாசிட்டியை, அதாவது இடம் மாறாமல் எவ்வளவு நீளலாம் என்பதைப் பொறுத்து இரண்டு விதமாக நடக்கிறது. ஃபங்ஷனுக்குள் அரேயில் சேர்த்தது வெளியே வந்து பார்த்தால் காணவில்லையே என்று புதியவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான்.

இதே ஐந்து எண்களை கோ (Go) மொழியில் போட்டுப் பாருங்கள். அங்கே ஸ்லைஸின் வாலில் 10-ஐச் சேர்த்தால், கபாசிட்டி இருக்கிறது என்பதற்காக மூலத்தின் 4 போய் 10 வந்து உட்கார்ந்துவிடும். சென்னையிலும் பெங்களூரிலும் கோ எழுத ஆள் எடுக்கிறார்கள்; ஸ்லைஸ் கேள்வி கேட்கவும் செய்கிறார்கள். இரண்டு மொழிகளும் ஒரே சிக்கலுக்கு எப்படி வேறுவேறு பதில் சொல்கின்றன என்று ஒரு தாளில் படம் போட்டு விளக்க முடிகிற மாணவரை இன்டர்வியூவில் அத்தனை எளிதாக விட மாட்டார்கள்.

அடுத்தது ஸ்ட்ரிங். இதற்கு ஆங்கிலச் சொல்லை எடுக்காதீர்கள், நம் சொல்லையே எடுங்கள். "தமிழ்" என்ற சொல்லை டி-யின் சாதாரண ஸ்ட்ரிங்கில் வைத்து லெங்த் கேட்டால் 15 என்று சொல்லும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அது அத்தனை பைட். அதையே ரேஞ்சாக, அதாவது ஒவ்வொன்றாக எடுக்கும் வரிசையாக, நடந்து எண்ணும் வாக்லெங்த் ஃபங்ஷனிடம் கேட்டால் 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு எண்கள் ஐந்து. பைகிராஃபீம் வழியாக எண்ணினால் 3, அதாவது நாம் சிலேட்டில் எழுதிய எழுத்துகளின் கணக்கு. மூன்றும் சரியான விடை, கேள்விதான் வேறு. இன்னும் ஒரு படி போய், ரெட்ரோ கொண்டு அந்தச் சொல்லைத் திருப்பிப் போடுங்கள். புள்ளி அநாதையாக முன்னால் நிற்கும், மகரத்திலிருந்த இகரக் குறி ழகரத்தில் போய் ஒட்டிக்கொண்டு "ழிமத" என்று வரும். ஸ்ட்ரிங்கைத் திருப்புவது முதலாண்டுப் பாடம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

இதில் ஒரு கோணலும் உண்டு. ஃபார்ஈச் போட்டுச் சும்மா சுற்றினால் பைட் பைட்டாக வரும். ரேஞ்ச் ஃபங்ஷன்களுக்குக் கொடுத்தால் அவை தாமாகவே யூனிகோடு எண்ணாகப் பிரித்துக்கொள்ளும். இந்தத் தானியங்கிப் பிரிப்பைப் பழைய தவறு என்று டி-காரர்களே பலர் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் நடப்பிலிருக்கும் கோடெல்லாம் அதை நம்பி நிற்பதால் சட்டென்று பிடுங்கி எறிய முடியவில்லை. ஒரு மொழியின் குறையையும், அது ஏன் நீடிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தால்தான் நீங்கள் அதைப் படித்தவர்.

சின்னப் பொறிகள் சில. ஃப்ளோட்டுக்குத் தொடக்க மதிப்பு கொடுக்காவிட்டால் டி பூஜ்யம் வைக்காது, நான் (NaN, Not a Number) என்கிற செல்லாத எண்ணை வைக்கும். கூட்டிக்கொண்டே போனாலும் கடைசியில் அந்த NaN-தான் வரும். மறதி உடனே கண்ணில் படட்டும் என்று வேண்டுமென்றே செய்தது இது. இன்டுக்கு அப்படி ஒரு செல்லாத எண் இல்லாததால் அங்கே பூஜ்யம். அப்புறம் குளோபல் வேரியபிள். சி பழக்கத்தில் ஒன்றை அறிவித்தால் டி, புரோகிராமுக்குள் இணையாக ஓடும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனிப் பிரதி கொடுத்துவிடும். எல்லாரும் ஒன்றையே பார்க்க வேண்டுமென்றால் ஷேர்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கம்பைல் நேரத்தில் கோடை ஓட்டுவதுதான் டி-யின் பெரிய சொத்து. நீங்கள் எழுதிய சாதாரண ஃபங்ஷனையே, ஈனம் (enum) மதிப்புக்கு அழைத்தால், கம்பைலரே ஓட்டி விடையைப் பதித்துவிடுகிறது. ஸ்டாட்டிக் இஃப் போட்டு, டைப்பைப் பார்த்துக் கோடையே தேர்ந்தெடுக்கலாம். சி++ இதையொத்த இஃப் கான்ஸ்டெக்ஸ்பரை 2017-இல்தான் சேர்த்தது, ரேஞ்சுகள் அங்கே 2020-இல் வந்தன. டி-யில் இவற்றைப் பழகியவருக்குப் புதிய சி++ ஒரு மாதத்தில் வசப்படும் என்று தைரியமாகச் சொல்வேன். கேம், டிரேடிங், எம்பெடெட் கம்பெனிகளில் அந்த சி++-க்குத்தான் மதிப்பு. ஸ்ட்ரிங்கையே கோடாக மாற்றிச் செருகும் மிக்சினைக் கண்ட இடத்தில் எல்லாம் போட்டு வித்தை காட்டுவதை மட்டும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

@சேஃப், @டிரஸ்டட், @சிஸ்டம் மூன்றையும் ஒருமுறை ஊன்றிப் படியுங்கள். மெமரியைக் கெடுக்காது என்று கம்பைலர் சோதித்தது எது, நான் பொறுப்பு என்று எழுதியவர் கையெழுத்துப் போட்டது எது என்ற பிரிவினை அது. ரஸ்ட் மொழியின் அன்சேஃபைப் பற்றிப் பேச்சு வந்தால் உங்களால் கலந்துகொள்ள முடியும். கார்பேஜ் கலெக்டர் (ஜிசி), அதாவது பயன்படாத மெமரியைத் தானாக மீட்கும் பகுதி பற்றிக் கேட்டால் "டி-யில் ஜிசி உண்டு, மெதுவாக இருக்கும்" என்ற பல்லவியைப் பாடாதீர்கள். உங்கள் புராஜெக்ட்டை -விஜிசி (-vgc) ஃப்ளாக்கோடு கம்பைல் செய்து, எந்தெந்த வரியில் ஜிசி மெமரி கேட்கிறது என்று பட்டியல் எடுங்கள். சூடான, அதாவது மிக அடிக்கடி ஓடும் லூப்பில் இருப்பவற்றை மட்டும் அகற்றி, அந்த ஃபங்ஷனுக்கு @நோஜிசி போடுங்கள். முன்னும் பின்னும் எடுத்த நேரத்தைக் குறித்துவைத்துப் பேசினால், அது அனுபவசாலியின் பேச்சாக இருக்கும்.

ரெஸ்யூமேயில் என்ன போடுவது? வேலையைப் போடுங்கள். டி-யின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியான ஃபோபோஸ் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. அதில் ஒரு ஃபங்ஷனுக்குக் கீழே எழுதும் யூனிட்டெஸ்ட், மேலே மூன்று சாய்கோடு போட்டால், ஆவணப் பக்கத்தில் எடுத்துக்காட்டாகவும் தோன்றும். சோதனையும் விளக்கமும் ஒரே இடத்தில் இருப்பதால் இரண்டும் பிரிந்து போகாது. எடுத்துக்காட்டு இல்லாத ஃபங்ஷன் ஒன்றைத் தேடிப் பிடித்து எழுதி அனுப்புங்கள். திருத்தச் சொல்வார்கள், திருத்துங்கள். ஏற்கப்பட்ட அந்த ஒரு மாற்றத்தின் முகவரி, "எக்ஸ்பர்ட்" என்ற சொல்லை விடப் பல மடங்கு கனமானது. சிமெட்ரி ஆட்டம் (Autumn) ஆஃப் கோடு என்று 2018-இல் தொடங்கி, உதவித்தொகையோடு மாணவர்களுக்கு வேலை கொடுத்த திட்டம் ஒன்று உண்டு. கூகுள் சம்மர் ஆஃப் கோடிலும் டி பல ஆண்டுகள் இருந்திருக்கிறது. இந்த ஆண்டு நிலவரத்தைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே சின்ன மாற்றம் ஒன்று ஏற்கப்பட்டிருந்தால் உங்கள் விண்ணப்பத்தை நின்று படிப்பார்கள்.

"ஏன் டி?" என்று இன்டர்வியூவில் நிச்சயம் கேட்பார்கள். ஜாவா மட்டம், பைத்தான் மட்டம் என்று ஆரம்பிக்காதீர்கள். கேட்பவர் பத்து வருடம் ஜாவா எழுதியவராக இருக்கலாம். ஸ்லைஸில் எனக்கு மெமரி புரிந்தது, இதோ நான் அனுப்பிய மாற்றம், இதையே உங்கள் மொழியில் இப்படிச் செய்வேன் என்று மூன்று வாக்கியம் போதும். டி-யின் பலவீனத்தைக் கேட்டால் மறைக்காதீர்கள். ஆள் பலம் குறைவு, லைப்ரரிகள் குறைவு. ஆரம்பக் காலத்தில் ஃபோபோஸ், டாங்கோ என்று இரண்டு லைப்ரரிகளாகப் பிரிந்து நின்றார்கள்; 2024 தொடக்கத்தில் ஓபன்டி என்று ஒரு கிளை தனியே போனது. சிறிய சமூகத்துக்கு இதெல்லாம் இழப்புதான்.

அம்மா, கடைசியாக, இதற்கு ஏதாவது கோர்ஸில் சேர்த்துப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மூன்று கம்பைலர்களும் இலவசம், அதிகாரபூர்வத் தளத்தின் வழியே அறிமுகப் புத்தகமும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது, எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே ஓட்டிப் பார்க்கவும் இடம் உண்டு. கையில் பணம் இருந்தால் அவருடைய லேப்டாப்பில் ராம் எவ்வளவு என்று கேளுங்கள். டிஎம்டி வேகத்துக்காக, கம்பைல் செய்யும்போது எடுத்த மெமரியை வழக்கமாக விடுவிப்பதில்லை. கம்பைல் நேரக் கணக்குகள் கூடினால் 4 ஜிபி மெஷின் திணறும். லோமெம் என்ற ஃப்ளாக் ஓரளவு சமாளிக்கும், ஆனால் வேகம் குறையும். 16 ஜிபியாக ஏற்றிக் கொடுங்கள், ஜாவா படிக்கவும் அது வேண்டியதுதான்.