அவசர ஆபரேஷனுக்குப் பிறகு விரல்கள் மடங்கவில்லை. பிசியோதெரபி செய்தால் கை பழையபடி வருமா?

கண்ணாடி கிழித்து முன்கையில் ஆபரேஷன் நடந்து மூன்று வாரம் ஆகிறது, தம்பிக்கு விரல் மடங்கவில்லை, பிசியோதெரபிக்கு அலைவது வீண்தானோ என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை. நான் பாம்பன்காரன். ஒரு பிப்ரவரி மாதம் விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் கம்பி வலது மணிக்கட்டுக்கு மேலே அறுத்துவிட்டது, அன்று ராத்திரியே மதுரையில் ஆபரேஷன்.

முதலில் தம்பிக்கு எது அறுந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். நம் ஊரில் எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்லிவிடுவோம், ஆனால் விரலை இழுக்கிற தசைநாண் வேறு, உணர்ச்சி தருகிற நரம்பு வேறு. எனக்கு இரண்டுமே அறுந்திருந்தது.

தசைநாண் கப்பிக்குள் ஓடும் கயிறு மாதிரி. தைத்த இடம் ஆறும்போது பக்கத்துச் சதையோடும் ஒட்டப் பார்க்கும், அசைக்காமலே வைத்திருந்தால் ஒட்டிவிடும், பலமாக இழுத்தால் தையல் விட்டுப்போகும். அதனால்தான் முதல் ஆறு வாரம் போல ஸ்ப்ளிண்ட் (கையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) போட்டு, அதற்குள்ளேயே அளந்து அசைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு அசைக்கலாம் என்பது தையலைப் பொறுத்தது, அதை தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும். இந்த நேரத்தில் எண்ணெய் போட்டு உருவிவிட யாரிடமும் கையைக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் செய்த தப்பு, ராமநாதபுரம் போய்வர அரை நாள் ஆகிறதே என்று நடுவில் மூன்று வாரம் போகாமல் விட்டதுதான். நடுவிரல் ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்தெடுக்க அப்புறம் நான்கு மாதம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தூரம்தான் பிரச்சினை என்றால் தெரபிஸ்டிடம் சொல்லி, பயிற்சியை போனில் வீடியோ எடுத்து வந்து வீட்டில் செய்யுங்கள், போவதை மட்டும் அடியோடு நிறுத்தாதீர்கள்.

நரம்புக்குப் பொறுமை வேண்டும். தைத்த நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும், மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 18 செ.மீ. என்றால் ஆறு மாதத்துக்கு மேல். அதுவரை மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, டீ கிளாஸ், அடுப்பு எல்லாவற்றிலும் கவனம். புண் ஆறியபின் முதலில் பஞ்சு, பிறகு துண்டு, அரிசி, கடைசியில் கடற்கரை மணல் என்று தொட்டுத் தொட்டுப் பழக்கினேன். தோளையும் முழங்கையையும் மறந்துவிடாதீர்கள், கையைக் கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலிலேயே போட்டு வைத்து எனக்குத் தோளும் இறுகிவிட்டது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் தெருவெல்லாம் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் முடிந்ததும் தெரபிஸ்ட் சரி என்றார், நானும் வலை ஊசியைப் பிடித்தேன். முதல் நாள் நான்கு முடிச்சு போடுவதற்குள் கை ஓய்ந்துவிட்டது, ஜூன் மாதம் ஒரு முழம் பின்னினேன். நடுவிரல் இன்றும் உள்ளங்கையைத் தொடாது, ஒரு விரல் அகலம் குறையும். ஆனாலும் கயிறு பிடிக்கிறேன், படகுக்குப் போகிறேன். தம்பிக்கு மூன்று வாரம்தானே ஆகிறது, நாளைக்கே கூட்டிப் போங்கள்.