தராசும் மலைச்சரிவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறேன். என் பல் மருத்துவர் ஆர்மீனியர். நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரும் ஆர்மீனியர். சனிக்கிழமைச் சந்தையில் எனக்குப் பாகற்காயும் எலுமிச்சைப் புல்லும் விற்பவர்கள் லாவோஸ் மலைகளிலிருந்து வந்த ஹ்மாங் மக்கள். இரு சாராருமே உயிர் தப்பி ஓடிவந்தவர்கள்தாம். பிறகு ஏன் ஒரு சாரார் இவ்வளவு வசதியாகவும் மறு சாரார் இவ்வளவு நெருக்கடியிலும் வாழ்கிறார்கள்? ஆர்மீனியர்களுக்கு வணிகம் ரத்தத்திலேயே ஊறியது என்றும், ஹ்மாங் மக்கள் பெரிய குடும்பங்களாக அரசு உதவித்தொகையை நம்பிப் பழகிவிட்டார்கள் என்றும் அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கும் ஓரளவு அப்படித்தான் தோன்றுகிறது. மதமும் ஒரு காரணமாக இருக்குமா? நாம் இவர்களிடமிருந்து எதைக் கற்றுக்கொள்ளலாம்? ஏழு வயதாகும் என் மகனை எப்படி வளர்ப்பது என்ற குழப்பத்தில்தான் இதைக் கேட்கிறேன்.

கே., ஃபிரெஸ்னோ

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேஜைமீது ஒரு துணி விரிந்து கிடந்தது. பல ஆண்டுகளுக்கு முன் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஒரு ஹ்மாங் மூதாட்டியிடம் வாங்கியது. பெட்டியில் மடித்து வைத்து மறந்திருந்ததை, பூச்சி அரித்துவிட்டதா என்று பார்ப்பதற்காக அன்று காலைதான் எடுத்திருந்தேன். அந்தத் துணி கண்முன் இல்லாதிருந்தால் உங்களுக்கு இரண்டு வரியில் நன்றி எழுதி முடித்திருப்பேன்.

கண்டிக்க வேண்டியதை முதலில் கண்டித்துவிடுகிறேன். ரத்தத்தில் வணிகம் ஊறாது. படித்தவர், இரண்டு கண்டங்களில் வாழ்ந்தவர், இப்படியொரு வாக்கியத்தை நண்பர்கள் வாயில் போட்டுத் தப்பித்துக்கொண்டு, அடுத்த வரியிலேயே 'எனக்கும் ஓரளவு' என்று ஒட்டிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் நண்பர்களுக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது தெரியாமல் இல்லை. இளமையில் நான் பாரிமுனையில் ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மதிய உணவுப் பொட்டலத்தோடு ஆர்மீனியன் தெருவிலுள்ள 1772ஆம் ஆண்டுத் தேவாலயத்து முற்றத்துக்குப் போய்விடுவேன். நம்மவர் வாயில் அது 'அரண்மனைக்காரன் தெரு'. ஆர்மீனியன் என்ற சொல் நாவில் புரளாமல் அரண்மனை கட்டிக்கொண்டது. முற்றத்தில் பதித்த கல்லறைப் பலகைகளில் படிக்கத் தெரியாத எழுத்துகள். அவற்றின் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலமும் பரங்கிமலைக்குப் படிகளும் கட்டிக்கொடுத்த கோஜா பெத்ருஸ் உஸ்கான் அந்தச் சமூகத்தவர். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது நம் மதராஸில்தான். இத்தனையும் பார்த்தவனுக்கு, ஆர்மீனியன் என்றால் பிறவி வணிகன் என்று தோன்றத்தான் செய்யும். எனக்கும் தோன்றியது.

ஆனால் அந்தக் கல்லறைகளுக்குரியவர்கள் பெரும்பாலும் ஈரானின் நியூ ஜுல்ஃபாவைச் சேர்ந்த பட்டு வணிகர்களின் வழிவந்தவர்கள். ஒரு நகரத்தின் வணிகக் குடும்பங்கள், அவ்வளவுதான். உங்கள் ஃபிரெஸ்னோவுக்கு 1881 முதல் வந்தவர்களில் பெரும் பகுதியினர் வேறு ஆட்கள். உதுமானியப் பேரரசின் கார்பெர்ட், பிட்லிஸ் பகுதிகளின் உழவர்களும் கைவினைஞர்களும் அவர்கள். 1894 முதல் 1896 வரை நடந்த படுகொலைகளிலும் 1915இன் இனப்படுகொலையிலும் தப்பி, கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள். திராட்சை உலர்த்திப் பெட்டியில் அடைக்கும் கொட்டகைகளில் கூலிக்கு நின்றார்கள். ஊரார் அவர்களை 'ஃபிரெஸ்னோ இந்தியர்கள்' என்று இளக்காரமாக அழைத்தார்கள். நகரின் நல்ல குடியிருப்புகளில் ஆர்மீனியருக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல்தான். இன்று உங்கள் வீட்டு உரிமையாளருக்குச் சொந்தமான வீடு, அவருடைய பாட்டனாருக்கு விற்க மறுக்கப்பட்ட வீடாகவும் இருக்கலாம். பத்திரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

1930வாக்கில் ரிச்சர்ட் லபியர் என்ற சமூகவியலாளர் ஃபிரெஸ்னோ ஆர்மீனியர்களைப் பற்றி ஆராய்ந்தார். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள், தர்மப் பணத்தில் ஒட்டி வாழ்பவர்கள், வழக்காடிகள் என்பது ஊர்ப் பேச்சு. அவர் வணிகர் சங்கத்தின் கடன் பதிவேடுகளையும் உதவி கேட்டவர்களின் பட்டியலையும் எடுத்துப் பார்த்தபோது, கடனைத் திருப்புவதில் அவர்கள் மற்றவர்களுக்கு எவ்விதத்திலும் குறைந்தவர்களாக இல்லை. தர்ம உதவி கேட்டதோ மற்றவர்களைவிடக் குறைவு. அதாவது ஆர்மீனியர் அங்கே வந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆன பின், இன்று ஹ்மாங் மக்களைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் பேசப்படுவதுதான் அவர்களைப் பற்றியும் பேசப்பட்டது. ஹ்மாங் மக்கள் வரத் தொடங்கியது 1975இல். அவர்களுக்கும் இப்போதுதான் ஐம்பது ஆகிறது.

சட்டமும் ஒரு கதவைத் திறந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் நிலம் வாங்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 1913இல் சட்டம் செய்தது. 'வெள்ளையர்' என்று ஏற்கப்படாத ஆசியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை. 1923இல் குடியுரிமை கோரிய பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் தோற்றார்கள். ஃபிரெஸ்னோ அமைந்த அதே பள்ளத்தாக்கில் பாடுபட்ட பஞ்சாபி உழவர்கள் பிறர் பெயரில் நிலத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பெயருக்குரியவரின் நாணயத்தை நம்பி வாழ வேண்டியதாயிற்று. அடுத்து அரசு கை வைத்தது போர்ட்லேண்டில் கம்பள வணிகம் செய்த ததோஸ் கார்டோசியன் என்ற ஆர்மீனியர்மீது. அவருக்காக மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் சாட்சி சொன்னார். 1925இல் ஆர்மீனியர் வென்றார்கள். ஒரு நீதிபதி வேறுவிதமாக நினைத்திருந்தால் அந்தத் திராட்சைத் தோட்டங்கள் யாருடையவை? இதையும் உங்கள் நண்பர்கள் ரத்தக் கணக்கில்தான் எழுதுவார்கள் போலும்.

மதத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் எனக்கு ஆர்வமில்லை. பெரிய குடும்பம் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. சம்பாதிப்பவர் இருவர், உண்பவர் எட்டுப் பேர் என்றால் தலைக்கு வருவது குறையும், பிள்ளைகள் வளர்ந்ததும் அது மாறும். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

நான் நெடுநாளாக யோசித்துக்கொண்டிருப்பது வேறு. ஊரை விட்டு ஓடுகிறவனின் எந்தத் தொழில் அவனோடு எல்லையைக் கடக்கிறது என்பது அது. பெய்ரூத்தின் புர்ஜ் ஹம்மூத் பகுதியில் பட்டறை வைத்திருந்த ஆர்மீனியப் பொற்கொல்லர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் லெபனானில் உள்நாட்டுப் போர் மூள்கிறது. சில ஆண்டுகளில் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகைக்கடை வட்டாரத்தில் ஒரு மேசையை வாடகைக்குப் பிடிக்கிறார். தராசு, ஊதுகுழல், அரம், கம்பி இழுக்கும் தகடு, எல்லாம் ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கும். பெய்ரூத்தில் ஒரு கிராம் பொன் எப்படி உருகுமோ அப்படியே லாஸ் ஏஞ்சலிஸிலும் உருகும். அவருடைய கைக்கு எல்லை என்று ஒன்று இல்லை. அதோடு அவர் குடும்பம் இரண்டாம் முறை அகதியானது. புர்ஜ் ஹம்மூதே 1915இல் தப்பியவர்கள் சதுப்பு நிலத்தில் எழுப்பிய ஊர். எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் எதைக் கட்ட வேண்டும், யாரிடம் கடன் கேட்க வேண்டும் என்பது வீட்டிலேயே தெரியும்.

இப்போது லாவோஸ் மலைகளில் ஒரு ஹ்மாங் உழவரைப் பாருங்கள். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். எந்தச் சரிவை எந்த மாதத்தில் வெட்டுவது, எத்தனை நாள் காயவிடுவது, மழைக்கு எத்தனை நாள் முன்பு தீ வைப்பது, காற்று எந்தப் பக்கம் திரும்பினால் தீ காட்டுக்குள் போகாது, நெல்லுக்குப் பின் மக்காச்சோளமா கசகசாவா, எந்த ஆண்டில் மண் களைத்துப்போகும், அடுத்த மலை எது என்பதெல்லாம் அவருக்குப் பாடம். ஒரு பல்கலைக்கழகத் துறை முழுவதற்கும் போதுமான அறிவு அது. ஆனால் அது அந்தச் சரிவோடு ஒட்டியிருப்பது, கைப்பெட்டியில் வராது. ஃபிரெஸ்னோவில் நிலம் முழுவதும் அளந்து பட்டா போடப்பட்டது, தண்ணீர் முறைவைத்து வாய்க்காலில் வருவது, அனுமதியின்றித் தீ வைத்தால் வழக்கு வருவது. அவருடைய அறிவு அங்கே பயனற்றது மட்டுமன்று, குற்றமும்கூட.

கார்பெர்ட் உழவருக்கு இந்த வகையில் ஒரு நல்லூழ் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வறண்ட கோடையும் திராட்சைக் கொடியும் அவருக்குப் பிறந்தது முதல் பழக்கம்; ஃபிரெஸ்னோவில் இருந்ததும் அதுவே, உலர்திராட்சைக்கு நாடு முழுவதும் சந்தையும் இருந்தது. ஹ்மாங் மக்கள் பயிரிட்ட பாகற்காய்க்கும் எலுமிச்சைப் புல்லுக்கும் உங்களைப் போன்ற ஆசியர்கள் போதுமான அளவில் வந்து சேர்ந்த பிறகே வாடிக்கை கிடைத்தது. அதுவும் பெரும்பாலும் குத்தகைக்கு எடுத்த சிறு துண்டு நிலங்களில்.

உதவித்தொகை பற்றிய வாக்கியத்துக்கு வருகிறேன். இது என்னைக் கோபப்படுத்தியது. 1961 முதல் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ, லாவோஸில் தன் ரகசியப் போருக்காகத் தளபதி வாங் பாவ் தலைமையில் ஹ்மாங் ஆண்களைத் திரட்டியது. பிற்பாடு சிறுவர்களும் துப்பாக்கி ஏந்தினார்கள். வயல்கள் தரிசாயின. மலை உச்சிகளில் ஒதுங்கிய குடும்பங்களுக்கு விமானங்கள் அரிசி மூட்டைகளைப் போட்டன. ஆகாயத்திலிருந்து விழுந்த சோற்றைத் தின்று ஒரு தலைமுறை வளர்ந்தது. ஆகவே, கே., அந்த அரசு அவர்களுக்குச் சோறு போடத் தொடங்கியது ஃபிரெஸ்னோவில் அல்ல. அவர்களுடைய பிள்ளைகளைச் சிப்பாய்களாக எடுத்துக்கொண்டதற்கு ஈடாக, லாவோஸ் மலைகளில். 1975 மே மாதம் லாங் தியெங் தளத்திலிருந்து தளபதியையும் ஓரிரு ஆயிரம் பேரையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்களில் பலர் தாய்லாந்து எல்லையிலுள்ள மீகாங் ஆற்றை நீந்தினார்கள். இதற்குப் பின் 'பழகிவிட்டார்கள்' என்று எழுதுவதற்கு ஒருவருக்குச் சற்றுக் கூச்சம் இருக்க வேண்டும். கூடவே இன்னொன்று: 1980களின் இறுதியில் சோவியத் ஆர்மீனியாவிலிருந்து அகதிகளாக லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தவர்களில் பலரும் இதே உதவித்தொகையில்தான் தொடங்கினார்கள். அவர்களையும் உங்கள் பல் மருத்துவரையும் கூட்டி வகுத்து 'ஆர்மீனியரின் சராசரி' என்று ஓர் எண்ணை எடுப்பதில் என்ன பொருள்?

எண்கள் வேண்டுமென்றால், ஹ்மாங் மக்களுக்குள்ளேயே ஒப்பிடுங்கள். 1990 கணக்கெடுப்பில் அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் வறுமைக் கோட்டின்கீழ் இருந்தார்கள். 2000இல் அது நூற்றுக்கு 38 அளவுக்கு இறங்கியது. அதற்கடுத்த பத்தாண்டில் ஏறத்தாழக் கால்பங்கு. 2000இல் மின்னசோட்டாவில் பாதிக்கும் மேற்பட்ட ஹ்மாங் குடும்பங்கள் சொந்த வீட்டில் இருந்தன, கலிஃபோர்னியாவில் அதில் பாதிகூட இல்லை. அதே குலங்கள், அதே மொழி, அதே பாட்டிமார். அங்கே ஆலை வேலை இருந்தது, ஃபிரெஸ்னோவில் பருவத்துக்குப் பருவம் கூலி வேலைதான் இருந்தது. பண்பாடு மாநில எல்லையில் மாறிவிடுமா?

அந்தத் துணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆண்களின் தொழில் மலையில் நின்றுவிட்டது, பெண்களின் ஊசி மட்டும் ஆற்றைக் கடந்தது. பாரம்பரியமாக உடைக்குப் பூவேலை செய்துவந்த பெண்கள், தாய்லாந்தின் பான் வினாய் முகாமில் விற்பனைக்காகக் கதைத் துணிகளைத் தைத்தார்கள். வெளிநாட்டார் விரும்பும் நிறங்கள் எவையென்று தெரிந்துகொண்டு, தங்கள் சிவப்பையும் பச்சையையும் ஒதுக்கி நீலத்துக்கும் பழுப்புக்கும் மாறினார்கள். வணிக அறிவு வேறு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? என் துணியில் மேல்மூலையில் மலை, கீழே நீல நூலில் ஆறு, அக்குளில் மூங்கில் கட்டைகளை இடுக்கி நீந்தும் குடும்பம், கரையில் துப்பாக்கிக்காரர்கள், பிறகு வரிசையாக முகாம் கூரைகள், கடைசியில் ஒரு விமானம். ஒரு குழந்தையின் முகம் கட்டைவிரல் நகத்தளவு. அதில் கண்ணுக்கு இரண்டு தையல்.

உங்கள் மகனைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஏழு வயதுதானே, மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுங்கள்.

அன்று செயின்ட் பாலில் அந்த மூதாட்டிக்கு ஆங்கிலம் வராததால், பக்கத்தில் கணக்கியல் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பேத்திதான் விலை சொன்னாள். பாரிமுனைப் பழக்கத்தில் நான் பத்து டாலர் குறைத்துக் கேட்டேன். பாட்டி என் முகத்தையும் பேத்தியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பெண் நான் சொன்னதை மொழிபெயர்க்கவே இல்லை. புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் முதலில் சொன்ன விலையையே மறுபடியும் சொன்னாள்.

அன்புடன்.