கனடாவுக்கு வர முதல் கடதாசிகளைப் பாருங்கள், தம்பி

கோண்டாவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 31, கணக்காளர், கத்தாரில், தோகாவில் இரண்டு வருடம் வேலை செய்தவர். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது வயது, படிப்பு, அனுபவத்துக்குப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் முறையில், கனடாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறார். தோகாவைக் காட்டாமல் விட்டால் வேலை சுலபம் என்று முகவர் ஒருவர் சொன்னாராம், உண்மையா? குளிர் எப்படி, வாடகை எவ்வளவு?

குளிருக்கு நல்ல ஜக்கெட் போதும், வாடகையை வந்து பார்க்கலாம். முகவர் சொன்னதை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். கடந்த 10 வருடத்தில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டின் பொலிஸ் சான்றிதழும் வேண்டும். மறைத்தது பிடிபட்டால் 5 வருடத் தடை. தடை உங்களுக்குத்தான், முகவருக்கு இல்லை. தோகாவில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர், ஊர் திரும்பி, இப்படித்தான் மறைத்தார். தடை முடிந்தபோது அவருக்கு 37 வயது. வயதுக்குக் கிடைக்கும் புள்ளி 30இலிருந்து வருடாவருடம் 5, 6 என்று குறைந்துகொண்டே போகும். பிறகு அவரால் எழும்ப முடியவில்லை.

இங்கே வந்து முப்பது வருடமான சிலர் "எப்படியாவது வந்து சேர்" என்று ஃபோனில் சொல்வார்கள். அவர்கள் ஓடி வந்த காலம் போர்க்காலம், வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்குப் படிப்பு இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. நேர்வழியில் வாருங்கள்.

ஆனால் நேர்வழியும் லேசில்லை. புள்ளி போதுமாகி, விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்தால் 60 நாளுக்குள் எல்லாப் பத்திரமும் கொடுக்க வேண்டும். எனக்குத் தோகா சான்றிதழ் வர 4 மாதம் எடுத்தது, முதல் அழைப்பு வீணாய்ப் போனது. அதனால் அதற்கு இன்றைக்கே எழுதிப் போடுங்கள். அப்புறம் பெயர். அப்பாவின் பெயர் என் கடவுச்சீட்டில் டபிள்யூவில் தொடங்கியது, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பில் வியில். அந்த ஒரு எழுத்துக்காகச் சத்தியக்கடதாசி முடித்து, இரண்டு முறை இரவுப் பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்தேன்.

2016இல் ஸ்காபரோ வந்து, இரண்டு வருடம் களஞ்சியத்தில் இரவு வேலை செய்து, மூன்றாம் வருடம் கணக்கு வேலைக்கே திரும்பினேன்.

அந்தப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் 1995 ஒக்டோபரில், யாழ்ப்பாணமே போரில் இடம்பெயர்ந்தபோது, மழைக்குள் நாவற்குழிப் பாலம் கடந்தது. அம்மா சொப்பிங் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார். மடிப்பில் கிழிந்து, ஒட்டிய டேப்பும் பழுப்பாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் புதுப் பிரதி எடுக்கச் சொன்னார், எடுத்தேன். பழையது இங்கே என் அலுமாரியில், அதே பைக்குள் இருக்கிறது.